அட்டையில் "செல்லும்" என்று வந்தால் கிளம்பிவிடலாமா?

இழை தொடங்கியவர் | ஜனவரி 2, இரவு 9.40

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்த அட்டை: "என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும், நான் உனக்கு இளைப்பாறுதல் தருவேன்." யாத்திராகமம் 33:14. கத்தாரில் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது, 20ஆம் தேதிக்குள் பதில் சொல்லணும். இது கர்த்தர் "போ" என்று சொன்னதுதானே? வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

தோல்பை | ஜனவரி 2, இரவு 10.25

இல்லை.

அந்த அட்டை அச்சகத்தில் கட்டுக்கட்டாக அடித்து வருவது. அதே வசனம் உங்கள் ஊரிலேயே எத்தனையோ வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும். அத்தனை பேரும் தோகாவுக்கு டிக்கெட் போடணுமா?

வசனம் இருக்கிற இடத்தைப் பாருங்கள். 32ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்குகிறார்கள். 33 தொடக்கத்தில் கர்த்தர் மோசேயிடம், தேசம் தருகிறேன், தூதனை அனுப்புகிறேன், ஆனால் நான் கூட வரமாட்டேன் என்கிறார். மோசே மன்றாடிய பிறகு வருவதுதான் 14. எங்கே போவது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இல்லை. கூட யார் வருகிறார் என்பதுதான் வழக்கு. அடுத்த வசனத்தில் மோசே சொல்வது: "உம்முடைய சமுகம் என்னோடேகூடச் செல்லாமற்போனால், எங்களை இவ்விடத்திலிருந்து கொண்டுபோகாதிரும்." 14 ஆக்சிலரேட்டர் என்றால் 15 பிரேக். அட்டையில் 15ஐ யாரும் அச்சடிப்பதில்லை.

ஞாயிறு மணி | ஜனவரி 2, இரவு 11.02

பிரதர், இவ்வளவு காட்டமாகச் சொல்ல வேண்டாம். சீட்டு போட்டு கர்த்தருடைய சித்தத்தை அறிவது வேதத்திலேயே இருக்கிறது. நீதிமொழிகள் 16:33. யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்படித்தானே தெரிந்துகொண்டார்கள்?

தோல்பை | ஜனவரி 3, காலை 6.10

இருக்கிறது. ஆனால் அப்போஸ்தலர் 1இல் சீட்டு கடைசியில்தான் வருகிறது. முதலில் தகுதியை வைத்தார்கள்: யோவானின் ஞானஸ்நானம் முதல் கூடவே இருந்தவன், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சி. அதில் தேறியவர்கள் இரண்டு பேர். ஜெபித்தார்கள். அப்புறம்தான் சீட்டு. பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு சபை ஒரு முடிவுக்காகச் சீட்டு போட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஓர் இடம்கூட இல்லை. 15ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபை பெரிய சிக்கலைத் தீர்த்தது வாதாடி, சாட்சி கேட்டு, வேதத்தை எடுத்துவைத்து. முடிவில் எழுதின வார்த்தை: "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது." அந்த "எங்களுக்கும்" என்பதைக் கவனியுங்கள்.

கிதியோன் கதையை யாராவது எடுப்பதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். இஸ்ரவேலை இரட்சிக்கக் கர்த்தர் அனுப்பியவன், களத்தில் மயிருள்ள தோலைப் போட்டு, பனி அதில் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டான். ஆனால் தோலைப் போட்டதற்கு முன்னாலேயே அவனுக்குக் கட்டளை கிடைத்துவிட்டது. "நீர் சொன்னபடி" என்று அவனே 6:36இல் ஒத்துக்கொள்கிறான். தோல் போட்டது பயத்துக்கு மருந்து. தேவன் பொறுத்துக்கொண்டார் என்பது உண்மை, அதற்காக அது பாடத்திட்டம் ஆகிவிடாது. (என் பெயர் அந்தத் தோலிலிருந்து வந்ததல்ல. மத்தேயு 9:17இல் உள்ள திராட்சரசத் துருத்தி. ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்.)

தோல்பை | ஜனவரி 3, மதியம் 1.30

காலையில் எழுதியதையும் நேற்று எழுதியதையும் திரும்பப் படித்தேன். அட்டையை ஒரேயடியாகத் தள்ளியது சரியில்லை. நியாயமான வரலாறும் அதற்கு உண்டு.

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சகோதரர்கள் என்ற புராட்டஸ்டன்ட் சபையார் கூடி வாழ்ந்தார்கள். 1728 மே 3 மாலை அவர்கள் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளுக்கென்று ஒரு வசனத்தைக் கொடுத்தார். அடுத்த நாள் சகோதரர்கள் அதை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். 1731இலிருந்து அது வருடப் புத்தகமாக அச்சாகிறது. இன்றும் ஹெர்ன்ஹூட்டில் ஏறக்குறைய 1800 பழைய ஏற்பாட்டு வசனங்கள் உள்ள பாத்திரத்திலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று எடுக்கிறார்கள்; அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறார். இதே மொரேவியர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்தவர்கள்தான், ஆக நமக்கு அவ்வளவு தூரத்து உறவு இல்லை.

தினவசனத்தை அவர்கள் பயன்படுத்தியது அந்த நாள் முழுக்க அசைபோட. அதே ஆட்கள் முடிவெடுக்க வேறு சீட்டு வைத்திருந்தார்கள்: ஆம், இல்லை, வெற்றுச் சீட்டு. வெற்று வந்தால் இப்போது இல்லை, பொறு. கல்யாணத்துக்குக்கூட இந்தச் சீட்டுதான். என்ன ஆயிற்று? 1818இல் சாதாரண உறுப்பினர்களின் கல்யாணத்துக்குக் கட்டாயச் சீட்டு தளர்ந்தது, 1889இல் சீட்டுமுறையே போனது. தினவசனம் மட்டும் இருநூற்றுத் தொண்ணூறு வருடம் தாண்டி நிற்கிறது. இரண்டையும் நூறு வருடத்துக்கு மேல் நடத்திப் பார்த்தவர்களே ஒன்றை விட்டுவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே அட்டையை ஃப்ரிட்ஜிலேயே வைத்திருங்கள், வருடம் முழுக்க அதை வைத்து ஜெபியுங்கள். கத்தார் கேள்விக்கு அதை ஆம்-இல்லை சீட்டாக மாற்றாதீர்கள்.

இழை தொடங்கியவர் | ஜனவரி 3, இரவு 8.15

சரி. ஆனால் ஜெபிக்கும்போது சமாதானம் இருக்கிறது. வாசலும் திறந்திருக்கிறது, நான் தேடிப் போகாமலே வந்த வேலை. இது போதாதா?

தோல்பை | ஜனவரி 3, இரவு 8.50

யோனா. நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொன்னார். அவன் யோப்பாவுக்குப் போனான், தர்ஷீசுக்குக் கப்பல் தயாராக நின்றது, கூலி கொடுக்கக் கையில் காசும் இருந்தது. திறந்த வாசல். உள்ளே போய் அயர்ந்த நித்திரை. சமாதானம். இரண்டும் இருந்தும் அவன் போன திசை நேர் எதிர்.

மறுபக்கம் கெத்செமனே, சிலுவைக்கு முந்தின ராத்திரி. இயேசு பிதாவின் சித்தத்துக்கு உட்பட்டே இருக்கிறார், வியர்வை இரத்தத் துளிகளாக விழுகிறது.

"தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது" (கொலோசெயர் 3:15) என்பதுதான் எல்லாரும் எடுக்கும் வசனம். "ஆளக்கடவது" என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது பந்தயத்தில் தீர்ப்புச் சொல்கிற நடுவரின் வேலை. யாருக்கு நடுவே? முன்னும் பின்னும் படியுங்கள்: ஒருவரையொருவர் தாங்கி, மன்னித்து, ஒரே சரீரமாக. பேச்சு தனி ஆளின் நெஞ்சுக்குள் நிற்கவில்லை, மனிதருக்கு மனிதர் போகிறது. இதை உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரியை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை என்றீர்களே, கேட்டீர்களா, அல்லது அறிவித்தீர்களா?

இஞ்ஞாசி வாசகன் | ஜனவரி 4, காலை 7.20

நான் கத்தோலிக்கன், உள்ளே வரலாமா? உள்ளத்தின் அசைவை இப்படி ஒரே வீச்சில் தள்ளுவது தவறு. புனித இஞ்ஞாசியார் 1521இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து லொயோலாவில் படுத்திருந்தபோது கண்டுபிடித்ததே இதுதான். வீரனாகப் பேர் எடுப்பதைக் கற்பனை செய்தாலும் இனித்தது, புனிதர்களைப் போல வாழ்வதைக் கற்பனை செய்தாலும் இனித்தது. நினைத்து முடித்த பிறகுதான் வித்தியாசம்: முதலாவது வறட்சியை விட்டுப்போனது, இரண்டாவது நிறைவை. ஆக நினைக்கிற நேரத்துச் சமாதானத்தை அளக்காதீர்கள், சில மணி நேரம் கழித்து என்ன மிச்சம் என்று பாருங்கள். எங்களிடம் இதற்குத் தேர்ந்து தெளிதல் என்று பெயர்.

இன்னும் இரண்டு விதி. வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. ஆறுதல் வந்த நேரத்தையும் அது போன பின் அதன் சூட்டில் நீயே போடும் திட்டத்தையும் பிரித்துப் பார். முதலாவது கடவுளிடமிருந்து வந்தது என்பதால் இரண்டாவதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதே.

தோல்பை | ஜனவரி 4, காலை 9.05

தாராளமாக வரலாம். நேற்றைய என் பதிவில் ஓட்டை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். யோனாவின் தூக்கம் சமாதானமே இல்லை என்றுகூட வாதாடலாம், ஓடிக் களைத்தவன் தூங்கினான், அவ்வளவுதான். அளக்கிற நேரம் முக்கியம் என்பதை நான் சொல்லவே இல்லை. உங்கள் கடைசி விதி எங்கள் பெந்தெகொஸ்தே சபைகளில் சுவரில் எழுதி வைக்க வேண்டியது. உபவாசக் கூட்டத்தில் வந்த கண்ணீர் உண்மையாகவே இருக்கும். வெளியே செருப்பைத் தேடும் நேரத்தில் தோன்றும் பிசினஸ் ஐடியாவுக்கும் அந்தக் கண்ணீருக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை.

தோல்பை | ஜனவரி 4, இரவு 10.40

ஜெபத்தில் தோன்றுவதை எழுதிவைத்துப் பிறகு சரிபார்க்க நோட்டு எப்படி வைப்பது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சாதாரண 80 பக்க நோட்டு போதும். நாலு பத்தி: தேதி, என்ன தோன்றியது அல்லது எந்த வசனம் நிறுத்தியது, அதற்கு முன்பே எனக்கு என்ன ஆசை இருந்தது, பிறகு என்ன நடந்தது. மூன்றாவது பத்திதான் உயிர். ஆசையை முன்கூட்டி எழுதாதவனுக்குப் பிறகு தன் குரலும் மேய்ப்பனின் குரலும் ஒரே மாதிரி கேட்கும். நாலாவதை மாதம் ஒருமுறை நிரப்பினால் போதும். தப்பானதையும் எழுதணும். பலித்ததை மட்டும் எழுதுகிற நோட்டில் எல்லாருமே தீர்க்கதரிசிதான்.

நேரம்: காலையில் 20 நிமிடம். முதல் 3 நிமிடம் பேசாமல் இருப்பது. மனசு கேஸ் சிலிண்டருக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் ஓடும், அவற்றை ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிவைத்துவிட்டுத் திரும்பலாம், அவற்றோடு சண்டை போட வேண்டாம். பிறகு 12 நிமிடம் வேதம். வரிசையாக வாசியுங்கள், ஒரு புத்தகத்தை எடுத்தால் முடிக்கிறவரை அதுவே. கண்ணை மூடிப் புரட்டி விரல் வைத்தால் நூலின் நடுவே இருக்கிற சங்கீதமும் ஏசாயாவும்தான் திரும்பத் திரும்பத் திறக்கும், பைண்டிங் அப்படி. ஆகாய் இரண்டே அதிகாரம், உங்கள் விரலுக்கு அகப்படவே அகப்படாது. மிச்சம் 5 நிமிடம் எழுத. போனை வேறு அறையில் வையுங்கள். வேதாகம ஆப்பில் வாசிக்கிறவர்கள் இதற்கு மட்டுமாவது அச்சுப் புத்தகம் எடுங்கள், நோட்டிஃபிகேஷன் வரும் கருவியில், எலியா கேட்ட அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் தோற்கும்.

எந்தத் தோன்றுதலுக்கு உடனே கீழ்ப்படிவது, எதைச் சோதிப்பது? தப்பாகப் போனால் என்ன நஷ்டம் என்று பாருங்கள். ஜெபத்தில் ஒரு ஆளின் பேர் வந்தது, போன் பண்ணு என்று தோன்றியது, பண்ணிவிடுங்கள். தவறானாலும் போவது ரெண்டு நிமிடம். மன்னிப்புக் கேள் என்று தோன்றினால் சோதனையே வேண்டாம், அது ஏற்கெனவே எழுதியிருக்கிற கட்டளை. வேலையை விடு, வீட்டை விற்றுவிடு, இன்னாரைக் கட்டிக்கொள் என்றால் வாரக்கணக்கில் ஆறப்போடுங்கள். சின்னதில் தாமதம், பெரியதில் அவசரம்: நம்மிடம் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது. ராத்திரியில் கர்த்தர் கூப்பிட்ட சிறுவன் சாமுவேலுக்கு முதலில் தேவைப்பட்டது பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து ஓடுகிற பழக்கம். மூன்று தடவை ஆசாரியன் ஏலி கூப்பிட்டதாக நினைத்துத் தப்பான ஆளிடம் ஓடினான், யாரும் குறை சொல்லவில்லை.

ஞாயிறு மணி | ஜனவரி 5, மாலை 6.30

ஊழியக்காரர் மூலமாக வரும் தீர்க்கதரிசனம்? "கடல் கடந்து போவாய்" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னால்?

தோல்பை | ஜனவரி 5, இரவு 9.20

அற்பமாக எண்ணக் கூடாது, அப்படியே விழுங்கவும் கூடாது. 1 தெசலோனிக்கேயர் 5:20, 21 இரண்டும் அடுத்தடுத்த வசனங்கள். 1 கொரிந்தியர் 14:29இல் இரண்டு மூன்று பேர் பேசலாம், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்." ஆக நிதானிப்பது அவிசுவாசம் இல்லை, அதுவும் ஆராதனையில் ஒரு வேலை.

செய்முறை: சொன்ன வார்த்தையை அன்று ராத்திரிக்குள் அப்படியே எழுதுங்கள், அல்லது பதிவு இருந்தால் வாங்குங்கள். ஒரு மாதம் போனால் "கடல் கடந்து" என்பது "கத்தாருக்கு" என்றே ஞாபகத்தில் நிற்கும். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: சொல்லப்பட்டது என்ன, அதற்கு யார் என்ன அர்த்தம் சொன்னார்கள், அதனால் இன்னது செய் என்று சேர்த்தது யார். அப்போஸ்தலர் 21இல் அகபு என்ற தீர்க்கதரிசி, எருசலேமுக்குப் போய்க்கொண்டிருந்த பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. "போகாதேயும்" என்பதைச் சேர்த்தது கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அன்பினால். பவுல் போனார்.

இஞ்ஞாசி வாசகன் | ஜனவரி 5, இரவு 10.05

அதே அதிகாரம் 4ஆம் வசனம்?

தோல்பை | ஜனவரி 5, இரவு 10.30

பிடித்துவிட்டீர்கள். தீருவில் சீஷர்கள் "ஆவியின் ஏவுதலினாலே" போகவேண்டாம் என்றார்கள் என்றே இருக்கிறது. என் மூன்று பிரிவு அங்கே அவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது. வரப்போகும் உபத்திரவம் ஆவியால் தெரிந்தது, போகாதே என்பது அவர்கள் பாசம் என்று பலர் விளக்குகிறார்கள். நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், காரணம் 20:22, 23: அங்கே பவுலே ஆவியில் கட்டுண்டவனாக எருசலேமுக்குப் போகிறேன் என்கிறார். ஆனால் அது விளக்கம், வசனம் அப்படிச் சொல்லவில்லை. அதை விட்டால், அகபு விஷயத்தில் சொன்னதில் மாற்றமில்லை.

தோல்பை | ஜனவரி 7, காலை 5.50

கேட்டவரின் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. பெரிய முடிவு ஒன்றை ஒருவர் எப்படி எடுத்தார் என்று நாள் கணக்காகத் தெரிந்த உதாரணம், இங்கிலாந்தில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர். "ஜெபித்தார், பணம் வந்தது" என்றுதான் நம் பிரசங்கங்களில் வரும். நடுவில் இருந்த வேலையைச் சொல்வதில்லை.

1845 அக்டோபர் 30. பிரிஸ்டலில் வில்சன் தெருவில் வாடகை வீடுகளில் அநாதைப் பிள்ளைகள். தெருவாசி ஒருவர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதுகிறார்: உங்கள் பிள்ளைகளால் எங்களுக்குத் தொந்தரவு. முல்லர் அதைச் சத்துருவின் தாக்குதல் என்று கட்டி ஜெபிக்கவில்லை. உட்கார்ந்து, மாறிப் போகக் காரணங்கள், போகாமலிருக்கக் காரணங்கள் என்று எழுதினார். விளையாடும் சத்தம் அக்கம்பக்கத்துக்கு நியாயமாகவே தொந்தரவு. கழிவுநீர்க் கால்வாய் இத்தனை பேருக்குப் போதாது. பையன்கள் வேலை செய்ய நிலம் இல்லை. இப்படி. எழுதிய பிறகு மனைவியோடு தினமும் ஜெபம். உடன் ஊழியர்களிடமும் சொன்னார். முதல் பெரிய தொகை 1000 பவுண்டு வந்தது டிசம்பர் 10இல், ஜெபம் தொடங்கி ஐந்து வாரத்துக்கு மேல்.

அடுத்த பிப்ரவரியில் ஆஷ்லி டவுனில் நிலம். சொந்தக்காரரைப் பார்க்க வீட்டுக்குப் போனார், இல்லை. கடைக்குப் போனார், அங்கேயும் இல்லை. விரட்டிக்கொண்டு போகாமல் திரும்பிவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தபோது அந்த மனிதர் சொன்னது: ராத்திரி மூன்று மணி முதல் ஐந்து வரை தூக்கமில்லை, நிலத்தைப் பற்றியே நினைப்பு, ஏக்கர் 200 பவுண்டுக்குப் பதில் 120க்குத் தருகிறேன். ஏறக்குறைய 7 ஏக்கர். முதல் நாள் விடாமல் தேடிப் பிடித்திருந்தால் 200 பவுண்டில் பேச்சு தொடங்கியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முல்லர் எப்போதும் முதல் படியாக வைத்தது, இந்த விஷயத்தில் எனக்கென்று சொந்த விருப்பம் இல்லாத நிலைக்கு மனதைக் கொண்டுவருவது. சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. அட்டையைப் பிடித்துக்கொண்டு "இது போ என்றுதானே" என்று கேட்பவர் அந்தப் படியைத் தாண்டவில்லை. கோபம் வேண்டாம் பிரதர், யாருமே சுலபமாகத் தாண்டுவதில்லை.

தோல்பை | ஜனவரி 7, காலை 6.40

அதோடு சேர்த்து: யோசுவா 9. பக்கத்து ஊர்க்காரர்களான கிபியோனியர், தூரதேசத்திலிருந்து வருகிறோம், எங்களோடு உடன்படிக்கை செய்யுங்கள் என்று ஏமாற்றப் பூசணம் பிடித்த அப்பத்தையும் கிழிந்த துருத்தியையும் காட்டினார்கள். இஸ்ரவேலர் அப்பத்தைப் பார்த்தார்கள், கர்த்தரைக் கேட்கவில்லை. நம்மவர்களிடம் இது மறுபக்கமாக நடக்கிறது. கர்த்தரைக் கேட்பார்கள், அப்பத்தைப் பார்க்கமாட்டார்கள். ஆஃபர் லெட்டரை யார் கொடுத்தது? ஏஜென்ட் என்றால் வெளிநாட்டு வேலைக்கான அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா? பதிவு பெற்ற ஏஜென்ட் ஆளிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், 18 சதவீதத்தில் 35,400. அதற்கு மேல் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். அடிப்படைச் சம்பளம், படிகள், தங்குமிடம், ஒப்பந்தம் எத்தனை வருடம், எல்லாம் தாளில் இருக்கணும். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவரிடம் 35,400க்கு மேல் உள்ள தொகையைக் கட்டச் சொல்லுங்கள்.

ஞாயிறு மணி | ஜனவரி 7, காலை 8.00

கடைசி வரிக்கு ஆமென்.

இழை தொடங்கியவர் | ஜனவரி 11, இரவு 9.10

மூன்று விஷயம். காரணங்களை இரண்டு பக்கமும் எழுதினேன். போகக் காரணம் ஒன்பது, அதில் ஆறு வேறு வேறு வார்த்தையில் கடன். மனைவியிடம் கேட்டேன், அம்மாவுக்கு டயாலிசிஸ் வாரம் மூன்று நாள், யார் கூட்டிக்கொண்டு போவது என்றாள். அதை நான் எந்தப் பக்கத்திலும் எழுதவே இல்லை. ஏஜென்ட் கேட்ட தொகை ஒன்றரை லட்சம். தளத்தில் அந்தப் பேர் கிடைக்கவில்லை. அப்போ கர்த்தர் வாசலை அடைத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தோல்பை | ஜனவரி 11, இரவு 9.45

இந்த ஏஜென்ட் வேண்டாம், அதற்குச் சத்தம் எதுவும் கேட்கத் தேவையில்லை. கத்தார் வேண்டாம் என்று அதற்கு அர்த்தமா? தெரியாது, அதுவும் நேற்று அட்டையைப் படித்த மாதிரியே இன்றைக்கு வாசலைப் படிப்பதுதான். அம்மாவை யார் கூட்டிக்கொண்டு போவது என்ற கேள்வியை மூன்றாவது பத்தியில் எழுதாமல் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை தம்பி தங்கைகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். கடன் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டணும் என்பதையும் அதே தாளில். அந்த ஒன்றரை லட்சத்தில் அட்வான்ஸ் ஏதும் கொடுத்துவிட்டீர்களா?

இழை தொடங்கியவர் | ஜனவரி 11, இரவு 9.52

பத்தாயிரம்.

தோல்பை | ஜனவரி 11, இரவு 9.55

ரசீது இருக்கிறதா? பாஸ்போர்ட் அவர் கையிலா உங்கள் கையிலா? அவர் கையில் என்றால் நாளைக் காலை முதல் வேலை அதை வாங்குவது. தனியாகப் போகாதீர்கள்.